பதினான்கு பக்கம் மனப்பாடம், நான்காவது ஸ்லைடில் மௌனம்

கடிதத்தின் சுருக்கம்: எழுதியிருப்பவர் 22 வயது மாணவி. மேற்கு மாவட்டம் ஒன்றில் அரசு கலைக் கல்லூரியில் எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. பட்டப்படிப்பில் ஆங்கிலத்தில் எழுதித் தேறிவிட்டார், பேச வேண்டிய தேவை வரவில்லை. அம்மா நூற்பாலையில் வேலை பார்க்கிறார். முதல் பருவத்தில் 15 நிமிட செமினாருக்காகப் பதினான்கு பக்கம் எழுதி மனப்பாடம் செய்திருக்கிறார். நான்காவது ஸ்லைடில் ஒரு வரி மறந்து, அத்தனையும் மறந்து, அப்படியே நின்றுவிட்டார். பின்வரிசையில் சிரிப்பு. "பேசத் தெரியாதவங்க எதுக்கு பி.ஜி.க்கு வர்றீங்க" என்று ஆசிரியர் ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார்.

இன்னும் ஆறு வாரத்தில் புராஜெக்ட் வைவா, அதாவது ஆய்வு பற்றிய வாய்மொழித் தேர்வு. பத்து நிமிடம் பேச வேண்டும், பிறகு எக்ஸ்டெர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) கேள்வி கேட்பார். புளியங்கொட்டைத் தோலில் தயாரித்த கரியைக் கொண்டு நீரிலிருந்து மெத்திலீன் புளூ சாயத்தை நீக்குவது இவருடைய ஆய்வு. கேட்டிருப்பவை இவை: அம்மாவின் தோட்டை அடகு வைத்து 12 ஆயிரம் ரூபாய்க்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரலாமா? தோழி சொன்ன 'படபடப்பு மாத்திரை'யைப் போட்டுக்கொள்ளலாமா? தமிழிலேயே பேச உரிமை இருக்கிறதா? பி.எச்டி. ஆசையை விட்டுவிடுவதுதான் சரியா?

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் ஆய்வைப் பற்றி எழுதிய ஒரு பத்தியை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். "கரித்தூளைப் போட்டுக் குலுக்கினால் ஒரு மணி நேரத்தில் நீலத் தண்ணீர் வெளுத்துவிடும், அதுக்கு மேல் எவ்வளவு நேரம் குலுக்கினாலும் மாற்றம் இல்லை, கரியில் இடம் நிரம்பிவிட்டது என்று அர்த்தம்" என்று எழுதியிருக்கிறீர்கள். தொடர்பு நேரம், சமநிலை, பரப்பின் கொள்ளளவு என மூன்று கருத்துகள் இந்த ஒரே வாக்கியத்தில் சரியான வரிசையில் வந்துவிட்டன. பேசத் தெரியாதவர் இப்படி எழுத மாட்டார். எனவே "எனக்கு கம்யூனிகேஷன் வராது" என்ற முடிவிலிருந்து தொடங்க வேண்டாம். அன்றைக்கு என்ன பிசகியது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. கையால் எழுதிய ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 200 சொற்கள் என்றால், 14 பக்கத்தில் 2,800 சொற்கள். அறிவியல் விஷயத்தைக் கேட்பவருக்குப் புரியும்படி பேசினால் நிமிடத்துக்கு 110 முதல் 120 சொற்கள்தான் போகும். அந்த வேகத்தில் 2,800 சொற்களைச் சொல்லி முடிக்கக் குறைந்தது 23 நிமிடம் வேண்டும். உங்களுக்குக் கொடுத்ததோ 15 நிமிடம். முதல் ஸ்லைடிலிருந்தே நீங்கள் ஓடியிருக்கிறீர்கள். ஓடும்போது மூச்சு மேலேறும், வாய் உலரும், படபடப்பு கூடும். அந்த நிலையில் மனப்பாடம் செய்ததை வரி மாறாமல் நினைவுபடுத்திக் கொண்டிருந்தீர்கள். மனப்பாட உரை பூச்சரம் மாதிரி, ஒரு முடிச்சு அவிழ்ந்தால் அதற்குப் பிறகு கட்டியதெல்லாம் உதிர்ந்துவிடும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைப் பிடித்துக்கொண்டுதான் நினைவுக்கு வருகிறது. இதே உரையைத் தமிழில் மனப்பாடம் செய்திருந்தாலும் அதே இடத்தில் நின்றிருப்பீர்கள். அன்றைக்கு உங்களைக் கைவிட்டது ஆங்கிலம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் கைவிட்டது தயாரித்த முறை. முறையை மாற்ற ஆறு வாரம் போதும்.

பத்து நிமிடத்தை எப்படிப் பிரிப்பது

பத்து நிமிடம் என்றால் 900 முதல் 1,000 சொற்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். வரைபடத்தைக் காட்டவும், மூச்சு வாங்கவும், கேட்பவர் ஸ்லைடைப் பார்க்கவும் நேரம் போகும். தலைப்பும் உங்கள் அறிமுகமும் 20 விநாடி. பிரச்சினை என்ன என்பதற்கு 1 நிமிடம். நோக்கத்துக்கு 30 விநாடி. செய்முறைக்கு 2 நிமிடம். முடிவுகளுக்கு 4 நிமிடம். முடிவுரையும் ஆய்வின் எல்லைகளும் 1 நிமிடம். கூட்டினால் ஒன்பது நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. மீதியைக் கைக்காவலாக விட்டுவையுங்கள், புரொஜெக்டர் மக்கர் செய்தாலே ஒரு நிமிடம் போய்விடும்.

மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, முன்னுரையிலேயே ஐந்து நிமிடத்தைச் செலவழிப்பது. தண்ணீர் எவ்வளவு முக்கியம், சாயங்களின் வகைகள், அவற்றின் வரலாறு என்று போய், சொந்த முடிவுகளுக்கு வரும்போது "டைம் ஓவர்" என்பார்கள். தேர்வாளர் வேதியியல் பேராசிரியர். மெத்திலீன் புளூவின் கட்டமைப்பை உங்களிடமிருந்து அவர் தெரிந்துகொள்ளப் போவதில்லை. உங்கள் கரி என்ன செய்தது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் அழைத்திருக்கிறார்கள்.

ஸ்லைடுகள் எட்டு அல்லது ஒன்பது போதும். ஒவ்வொன்றின் தலைப்பையும் முழு வாக்கியமாக எழுதுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். 'எஃபெக்ட் ஆஃப் பி.எச்.' (பி.எச். என்பது கரைசலின் அமில, காரத் தன்மையின் அளவு) என்று போட்டால் அது அலமாரியில் ஒட்டிய சீட்டு மாதிரி, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது. 'பி.எச். கூடும்போது சாயம் அதிகமாக ஒட்டுகிறது' என்ற பொருளில் ஓர் எளிய ஆங்கில வாக்கியத்தைத் தலைப்பாக வையுங்கள். கேட்பவருக்கு முடிவு உடனே தெரியும். உங்களுக்கும் இது கைப்பிடி: என்ன மறந்தாலும் திரும்பித் தலைப்பைப் படித்தால் அதுவே அடுத்துச் சொல்ல வேண்டிய வாக்கியம். நான்காவது ஸ்லைடில் அன்று உங்களுக்கு இல்லாமல் போனது இந்தக் கைப்பிடிதான்.

எழுத்தளவு 24-க்குக் குறைய வேண்டாம். வெள்ளைப் பின்னணியில் மஞ்சளும் இளம்பச்சையும் வகுப்பறைப் புரொஜெக்டரில் காணாமல் போகும். எக்செலில் இருந்து பத்து வரிசை அட்டவணையை அப்படியே ஒட்டாதீர்கள், அதையே வரைபடமாக்குங்கள். அச்சுகளின் பெயரும் அலகும் கடைசி வரிசையில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். கோப்பை பி.டி.எஃப். ஆகவும் பென் டிரைவில் வையுங்கள், மின்னஞ்சலில் ஒரு நகல், கையில் அச்சிட்ட ஒரு தாள். வேறு கணினியில் எழுத்துரு மாறி, சமன்பாடுகள் கட்டம் கட்டமாக வந்து நிற்பது அடிக்கடி நடக்கிறது.

வரைபடத்தை விளக்கும் வரிசை

முடிவுகளுக்கான நான்கு நிமிடம் உங்கள் வைவாவின் உயிர். வரைபடம் திரையில் வந்ததும் பலர் நேராக "இதிலிருந்து தெரிவது என்னவென்றால்" என்று முடிவுக்குத் தாவுகிறார்கள். கேட்பவர் அப்போதுதான் அச்சுகளைத் தேடிக்கொண்டிருப்பார். வரிசை இப்படி இருக்கட்டும்: கிடை அச்சு என்ன, அலகு என்ன, செங்குத்து அச்சு என்ன, எந்த இடத்தைப் பார்க்க வேண்டும், அங்கே என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது. ஒரு வரைபடத்துக்கு ஒரு நிமிடம்.

நீங்கள் அனுப்பிய செமினார் உரையில் இருப்பது, "இட் ஈஸ் எவிடென்ட் ஃப்ரம் தி அஃபோர்மென்ஷன்ட் ஃபிகர் தட்..." என்று தொடங்கும் வாக்கியம். இது ஆய்வுக் கட்டுரையில் படிப்பதற்கான மொழி. வாயால் சொல்ல யாருக்கும் கடினம், ஆங்கிலவழியில் படித்தவர்களுக்கும்தான். அதற்குப் பதிலாக: "தி எக்ஸ் ஆக்சிஸ் ஈஸ் டைம் இன் மினிட்ஸ். தி ஒய் ஆக்சிஸ் ஈஸ் பர்சென்டேஜ் ரிமூவல். ரிமூவல் இன்கிரீசஸ் அப் டு சிக்ஸ்டி மினிட்ஸ். ஆஃப்டர் தட், இட் ஈஸ் கான்ஸ்டன்ட். தி சர்ஃபேஸ் ஈஸ் ஃபுல்." ஐந்து சிறு வாக்கியங்கள். எந்தத் தேர்வாளரும் இதைக் கேட்டு ஆங்கிலம் போதவில்லை என்று சொல்ல மாட்டார். உங்கள் கடிதத்தில் தமிழில் எழுதிய அதே கருத்துதான் இது. இப்படி எட்டுச் சொல்லுக்குள் அடங்கும் வாக்கியங்களைக் கட்டும் அளவுக்கு ஆங்கிலம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

உச்சரிப்பில் கவனம் வேண்டிய சொற்கள் முப்பதுக்குள்தான் இருக்கும். அவற்றில் முதன்மையானது 'அட்சார்ப்ஷன்'. பதற்றத்தில் 'அப்சார்ப்ஷன்' என்று வாய் தவறினால் பொருளே மாறிவிடும், வைவாவின் முதல் கேள்வியும் பெரும்பாலும் அங்கேதான் வரும். பள்ளிப் பாடத்தில் பரப்பு கவர்தல் என்றும் உறிஞ்சுதல் என்றும் படித்தீர்களே, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பில் ஒட்டுவது ஒன்று, உள்ளே முழுக்கப் பரவுவது இன்னொன்று. தமிழில் படித்தது இந்த இடத்தில் உங்களுக்குப் பலம், சொல்லிலேயே பொருள் இருக்கிறது. அந்த முப்பது சொற்களையும் ஒரு தாளில் எழுதி, அகராதிச் செயலியில் ஒலியைக் கேட்டு, ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் பத்து முறை சொல்லுங்கள்.

ஆறு வாரப் பயிற்சி

மனத்துக்குள் ஒத்திகை பார்ப்பது கணக்கில் சேராது. நின்றுகொண்டு, குரல் வெளியே வர, கைபேசியில் பதிவு செய்து பேசுவதுதான் பயிற்சி. தினம் 30 நிமிடம் போதும்.

முதல் வாரம் ஆங்கிலமே வேண்டாம். ஆலையிலிருந்து அம்மா வந்த பிறகு, இரண்டு நிமிடத்தில் உங்கள் ஆய்வை அவருக்குச் சொல்லுங்கள். உங்கள் பகுதியில் வாழ்பவருக்குச் சாயத்தண்ணீரைப் பற்றித் தனியாக அறிமுகம் தேவையிராது. அவர் "அப்புறம் அந்தக் கரிய என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டால் குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்டெர்னலும் அதையே கேட்பார். இரண்டாம் வாரம், ஒவ்வொரு ஸ்லைடுக்கும் மூன்று குறிப்புச் சொற்கள் மட்டும் ஒரு சிறு அட்டையில் எழுதி, அவற்றைப் பார்த்துத் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுங்கள். ஒவ்வொரு முறையும் வாக்கியம் மாறட்டும், மாறுவதுதான் நல்லது. ஒரே கருத்தை மூன்று விதமாகச் சொல்லப் பழகியவருக்கு ஒரு விதம் மறந்தால் இன்னொன்று இருக்கும்.

மூன்றாம், நான்காம் வாரங்களில் முழு ஆங்கிலத்துக்கு மாறுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டியவை மொத்தம் நான்கே வாக்கியங்கள்: தொடக்கத்தில் இரண்டு, செய்முறையிலிருந்து முடிவுக்குத் திரும்பும் இடத்தில் ஒன்று, இறுதியில் ஒன்று. முதல் 30 விநாடியில்தான் படபடப்பு உச்சத்தில் இருக்கும், தொடக்க வாக்கியங்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அட்டையிலிருந்து பேசுங்கள். பதிவைக் கேட்கும்போது எல்லாக் குறைகளையும் ஒரே நாளில் தேடாதீர்கள். ஒரு நாள் வேகம், ஒரு நாள் "சோ... சோ..." என்று வரும் இடங்கள், ஒரு நாள் வாக்கியத்தின் கடைசிச் சொல் கேட்கிறதா என்பது. பலருக்குக் கடைசிச் சொல்லில் குரல் தொண்டைக்குள் போய்விடுகிறது, முடிவைச் சொல்லும் சொல்லோ பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஐந்தாம் வாரம் மூன்று தோழிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் வைவா இருக்கிறது, மறுக்க மாட்டார்கள். ஒருவர் பேச, ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் நிரப்புச் சொற்களை எண்ண, ஒருவர் கேள்வி கேட்க வேண்டும். 1924-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றங்கள் இந்தப் பங்கீட்டைத்தான் இன்றும் செய்கின்றன. அங்கே முன்தயாரிப்பு இல்லாமல் இரண்டு நிமிடம் பேசும் பகுதி ஒன்று உண்டு, அதையும் உங்கள் குழுவில் வைத்துக்கொள்ளுங்கள். குறை சொல்வதற்கு ஒரு விதி இருக்கட்டும்: "நல்லா இல்ல" என்று சொல்லக் கூடாது, "மூன்றாவது ஸ்லைடில் அச்சைச் சொல்லாமல் போயிட்டே" என்று இடத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும். ஆறாம் வாரம் வைவா நடக்கும் அதே அறையில், அதே புரொஜெக்டரில் இரண்டு முறை பேசிப் பாருங்கள். ஒரு முறை ஸ்லைடே இல்லாமல் கரும்பலகையில் வரைந்து விளக்குங்கள். மின்சாரம் போனாலும் பேச முடியும் என்று தெரிந்தவருக்குப் பாதி பயம் போய்விடும்.

எக்ஸ்டெர்னல் கேட்கக்கூடியவை

நன்றாகப் பேசியவர்களும் கேள்வி நேரத்தில்தான் சறுக்குகிறார்கள். உங்கள் ஆய்வுக்கு வரக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். ஏன் 664 நானோமீட்டரில் அளந்தீர்கள்? அங்கேதான் இந்தச் சாயம் ஒளியை மிக அதிகமாக உட்கவர்கிறது, அதனால் செறிவில் சிறு மாற்றமும் தெளிவாகத் தெரியும். பரப்பில் சாயம் ஒட்டும் அளவை விளக்கும் லாங்முயர் சமன்பாடு பொருந்துகிறது என்றால் என்ன அர்த்தம்? சீரான பரப்பில் ஒற்றை அடுக்காக ஒட்டுகிறது என்ற கற்பிதம் தரவுக்கு இசைகிறது. பி.எச். கூடினால் ஏன் அதிகம் ஒட்டுகிறது? மெத்திலீன் புளூ நேர்மின் சாயம், பி.எச். உயரும்போது கரிப்பரப்பில் எதிர்மின்சுமை கூடும். ஒவ்வொரு அளவீட்டையும் எத்தனை முறை செய்தீர்கள்? செய்த எண்ணிக்கையை உள்ளபடி சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் முன்னுரை நொய்யல் ஆற்றில் தொடங்குகிறது. சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையையும், திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவையும் சொல்லியிருக்கிறீர்கள். நல்ல தொடக்கம், மாற்ற வேண்டாம். ஆனால் கூர்மையான தேர்வாளர் இங்கே ஒரு கேள்வி கேட்பார்: திருப்பூரில் பருத்திப் பின்னலாடைக்குப் பெரும்பாலும் பயன்படுவது இழையோடு வேதிவினை புரிந்து ஒட்டும் ரியாக்டிவ் சாயங்கள், அவை எதிர்மின் வகை, கழிவில் உப்பும் மிகுதி. நேர்மின் சாயத்தில் கிடைத்த உங்கள் முடிவு அங்கே எப்படிப் பொருந்தும்? நேர்மையான பதில் இது: "இது ஆய்வகத்தில் தயாரித்த மாதிரிக் கரைசல். ஆலைக் கழிவில் சோதிக்கவில்லை. அடுத்த கட்டமாக ஒரு ரியாக்டிவ் சாயத்தையும், உப்பு சேர்த்த கரைசலையும் சோதிக்க வேண்டும்." இதைக் கேள்வி வருவதற்கு முன்பே, எல்லைகள் பகுதியில் நீங்களே சொல்லிவிடுங்கள். தன் ஆய்வின் எல்லையைத் தானே எடுத்துச் சொல்லும் மாணவர் மேல் தேர்வாளருக்கு நம்பிக்கை வரும்.

எந்தக் கேள்விக்கும் முதல் வாக்கியத்திலேயே பதில், பிறகு காரணம். கேள்வி புரியாவிட்டால் "சார், குட் யூ ப்ளீஸ் ரிப்பீட் தி கொஸ்டின்?" என்று கேட்பது தவறே அல்ல. ஊகித்து வேறு எதற்கோ பதில் சொல்வதுதான் மதிப்பெண்ணைக் குறைக்கும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, எந்தச் சோதனை செய்தால் தெரியவரும் என்று ஒரு வரி சேருங்கள்.

படபடப்பும் மாத்திரையும்

'மேடையில் பேசுகிறவரின் வெற்றியில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான், சொல்லுக்கு 7 சதவீதம்தான்' என்று பயிற்சி வகுப்பில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறான புரிதல். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் வெளியிட்ட சோதனைகள், தனிச் சொற்களைச் சொல்லும்போது வெளிப்படும் விருப்பு வெறுப்பு உணர்ச்சியைப் பற்றியவை. அறிவியல் உரைக்கு அந்த எண்கள் பொருந்தா. உங்கள் கை நடுங்குவதால் உங்கள் ஐசோதெர்ம் (கரைசலின் செறிவுக்கேற்பக் கரியில் எவ்வளவு சாயம் ஒட்டுகிறது என்று காட்டும் வரைபடம்) தவறாகிவிடாது.

உங்கள் நடுக்கம் உங்களுக்குத் தெரிகிற அளவுக்குப் பிறருக்குத் தெரிவதில்லை. உளவியலாளர்கள் கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், பேசியவர்கள் தங்கள் பதற்றம் வெளியே தெரிந்ததாக நினைத்த அளவு, பார்த்தவர்கள் கண்ட அளவை விடக் கூடுதலாக இருந்தது. இதை முன்பே எடுத்துச் சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களை விட நன்றாகவும் பேசினார்கள். எனவே "சாரி, கொஞ்சம் நெர்வஸா இருக்கு" என்று தொடங்காதீர்கள், கவனிக்காதவரையும் கவனிக்க வைத்துவிடும்.

பேசுவதற்கு முன் ஐந்து நிமிடம், நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். பேச்சின் நடுவே மறந்தால், தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மிடறு குடித்துவிட்டுத் தலைப்பைப் படியுங்கள். மூன்று விநாடி மௌனம் உங்களுக்கு மூன்று நிமிடம் போலிருக்கும், கேட்பவர்களுக்கு அது ஓர் இடைவெளி, அவ்வளவே. லேசர் பாயின்டர் கை நடுக்கத்தைப் பத்து மடங்காகத் திரையில் காட்டும். முழங்கையை விலாவோடு அணைத்துப் பிடியுங்கள், இல்லையென்றால் கணினியின் மவுஸ் அம்பையே பயன்படுத்துங்கள்.

மாத்திரை விஷயத்தில் தயவுசெய்து கவனம். தோழி சொன்னதாக நீங்கள் பெயர் குறிப்பிட்டிருக்கும் மாத்திரை புரோப்ரனலால் வகை. இதயத்துடிப்பைக் குறைக்கும், கை நடுக்கத்தைத் தணிக்கும் என்பது உண்மைதான். ஆனால் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், மழைக்காலத்தில் வீசிங் வரும், இன்ஹேலர் வைத்திருக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இந்த மாத்திரை மூச்சுக்குழாயைச் சுருக்கி உயிருக்கே ஆபத்தைக் கொண்டுவரும். தோழிக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதில்லை. மருத்துவர் பார்க்காமல் ஒன்றுகூட எடுக்காதீர்கள். செமினார் நினைப்பிலேயே தூக்கம் போகிறது, வகுப்புக்கே போகத் தோன்றவில்லை என்று எழுதியிருப்பது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் பேசுங்கள். இலவசம், நாள் முழுக்க இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

தமிழில் பேச உரிமை உண்டா?

ஆங்கிலவழிப் படிப்பாக இருந்தாலும் மாணவர்கள் தேர்வைத் தம் மொழியில் எழுத அனுமதிக்குமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. அது எழுத்துத் தேர்வு பற்றியது, அதுவும் வேண்டுகோள்தான். வைவாவைத் தமிழில் நடத்தியே ஆக வேண்டும் என்று அதைக் காட்டிக் கேட்க முடியாது. உங்கள் பல்கலைக்கழக விதிமுறைதான் முடிவு செய்யும். கைடிடம் (ஆய்வு வழிகாட்டியிடம்) இப்போதே சென்று, "உரையை ஆங்கிலத்தில் தருகிறேன் மேடம், கேள்வி நேரத்தில் தேவைப்பட்டால் தமிழில் விளக்க எக்ஸ்டெர்னலிடம் அனுமதி கேட்டுத் தருவீர்களா?" என்று கேளுங்கள். தமிழ் தெரிந்த தேர்வாளராக இருந்தால் மறுக்கக் காரணம் குறைவு. முழுதும் தமிழில் பேசிவிடலாம் என்ற எண்ணத்தோடு ஆங்கிலப் பயிற்சியைக் கைவிடாதீர்கள், வேறு மாநிலத்தவர் எக்ஸ்டெர்னலாக வந்தால் தவிப்பீர்கள்.

செமினாரில் கேட்ட அந்தச் சொல்லைப் பற்றி. ஆசிரியர் அப்படிப் பேசியது தவறு. அது உங்கள் தகுதியைப் பற்றிய தீர்ப்பு அல்ல. முதுநிலையில் சேரும் தகுதியை மதிப்பெண் வாங்கிப் பெற்றிருக்கிறீர்கள். ஒரு முறை நடந்ததாக இருந்தால், நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரிடமோ துறைத்தலைவரிடமோ சொல்லி வைப்பது போதும் என்று நினைக்கிறேன். மீண்டும் நடந்தால் தேதி, இடம், சொன்ன சொல், உடனிருந்தவர்கள் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். 2023-ஆம் ஆண்டு மானியக் குழு விதிகளின்படி கல்லூரியில் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும், அதன் முடிவில் நிறைவில்லை என்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்த ஆசிரியரே உங்கள் அகமதிப்பீட்டைப் பார்ப்பவர் என்பதால் தயக்கம் வருவது இயல்பு. அதனால்தான் முதலில் கைடிடம் பேசிவிட்டு எழுத்துக்குப் போங்கள் என்கிறேன்.

தோடும் பி.எச்டி.யும்

12 ஆயிரம் ரூபாய் வகுப்பு வேண்டாம். அங்கே சொல்லித்தருவது பெரும்பாலும் விமான நிலையத்திலும் உணவகத்திலும் எப்படிப் பேசுவது என்பது. உங்களுக்குத் தேவையானது ஐசோதெர்ம் வரைபடத்தை நான்கு வாக்கியத்தில் சொல்வது. அதை உங்கள் தோழிகளும் கைடும்தான் பழக்க முடியும். 2022-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் இருக்கிறது. உங்கள் கல்லூரியில் அதற்கான ஒருங்கிணைப்பாளர் யார் என்று கேட்டு, முதுநிலை மாணவருக்கு என்ன கிடைக்கிறது என்று விசாரியுங்கள். அம்மாவின் தோடு அவர் காதிலேயே இருக்கட்டும்.

பி.எச்டி.யை விட்டுவிட வேண்டிய காரணம் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. 2022 நவம்பரில் வந்த மானியக் குழு விதிகளின்படி, பல்கலைக்கழகம் நடத்தும் பி.எச்டி. நுழைவில் எழுத்துத் தேர்வுக்கு 70 சதவீதம், நேர்முகத்துக்கு 30 சதவீதம். அந்த முப்பதில் கேட்கப் போவதும் இதே கேள்விகள்தான்: என்ன செய்தீர்கள், ஏன் அப்படிச் செய்தீர்கள், அடுத்து என்ன செய்வீர்கள். இந்த வைவாவுக்கு எழுதிய அட்டைகளைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். வைவா முடிந்த அன்றே, கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள், மறுநாள் பாதி மறந்துவிடும். ஆராய்ச்சியில் சேர்ந்த பிறகு 'மூன்று நிமிட ஆய்வேடு' போட்டியைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-ல் தொடங்கியது, அசையாத ஒரே ஸ்லைடு, மூன்று நிமிடம், ஒரு விநாடி கூடினாலும் தகுதி நீக்கம். அந்த அளவில் இப்போதே உங்கள் ஆய்வைச் சொல்லிப் பார்க்கலாம், எது தேவை எது உபரி என்று தானே தெரிந்துவிடும்.

இன்று இரவு ஒன்று செய்யுங்கள். ரெக்கார்டு நோட்டை மூடிவிட்டு, கைபேசியில் பதிவை அழுத்தி, நின்றுகொண்டு, எனக்கு எழுதிய அந்த நீலத் தண்ணீர் வாக்கியத்தைத் தமிழில் சொல்லத் தொடங்குங்கள். இரண்டு நிமிடம் ஆனதும் நிறுத்துங்கள். கேட்டுப் பார்க்க வேண்டாம். அழிக்கவும் வேண்டாம். ஆறாம் வாரம் பதிவு செய்வதற்குப் பக்கத்தில் வைத்துக் கேட்க அது தேவைப்படும்.